கல்லூரி திறப்பதற்கு முன் ஒரு நோட்டு வாங்குங்கள்

பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் வாங்கிய நம் பிள்ளைகளில் சிலர் கல்லூரியில் முதல் செமஸ்டரிலேயே அரியர் வைத்துவிட்டு, வீட்டில் சொல்லப் பயந்து மறைக்கிறார்கள். பெற்றோர் செல்போனைத் திட்டுகிறார்கள். அதற்கும் பங்கு உண்டுதான். ஆனால் பெரிய காரணம், நீளமாகப் படிக்கவும் சொந்தமாக எழுதவும் பழக்கம் இல்லாததே.

பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல் போன்ற பாடங்களில் ஒரு கேள்விக்கு அதிகபட்சம் 5 மதிப்பெண். கைடை மனப்பாடம் செய்தே பெரும்பாலும் சமாளித்துவிடலாம். அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் பொறியியல் கல்லூரிகளில் பல தாள்களில் 100க்கு 80 மதிப்பெண், 13 மற்றும் 15 மதிப்பெண் கேள்விகளுக்கே போய்விடுகிறது. ஒவ்வொன்றுக்கும் பக்கக்கணக்கில், அதுவும் ஆங்கிலத்தில் எழுத வேண்டும்.

தமிழ் வழியில் படித்த பிள்ளைக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. தமிழ்நாடு அரசின் பிளஸ் டூ பாடப்புத்தகங்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரே பாடங்களோடு வருகின்றன. இணையத்தில் இலவசமாகவும் கிடைக்கின்றன. பிள்ளை ஏற்கெனவே தமிழில் படித்து முடித்த பாடத்தையே ஆங்கிலப் புத்தகத்தில் எடுத்துப் படிக்கட்டும். நிலைமின்னியல் தெரிந்த பிள்ளைக்குக் 'கெபாசிட்டர்' என்ற சொல்லைப் பார்த்ததும், இது நம் மின்தேக்கிதானே என்று புரிந்துவிடும். படமும் சமன்பாடும் அதேதான். விஷயம் தெரிந்திருப்பதால் மொழியை மட்டும் கவனித்தால் போதும். ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்கு ஆயிரக்கணக்கில் கட்டுவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள். கல்லூரியில் முதலில் தேவைப்படுவது பேச்சு அல்ல, வாசிப்பு.

மக்ரிபுக்குப் பிறகு அரை மணி நேரம் போதும். இரண்டு பக்கம் படித்து, புத்தகத்தை மூடிவிட்டு, புரிந்ததை நோட்டில் பத்து வரி எழுதச் சொல்லுங்கள். முதல் வாரம் தமிழும் ஆங்கிலமும் கலந்தே வரும். வரட்டும். பிழை திருத்த அவசரப்பட வேண்டாம். புத்தகத்து வரியை அப்படியே இறக்கி வைத்திருந்தால் மட்டும் மறுபடி எழுதச் சொல்லுங்கள்.

ஆங்கில வழியில் படித்த பிள்ளைகளுக்கும் இந்தப் பத்து வரி அவசியம். அவர்களிலும் பலர் கைடை நம்பித்தான் தேறியிருக்கிறார்கள்.

"எங்களுக்கு இங்கிலீஷ் தெரியாதே" என்று தாய்மார்கள் தயங்க வேண்டாம். "இன்னைக்கு என்ன படிச்சே, எனக்குப் புரியிற மாதிரி சொல்லு" என்று தமிழில் கேளுங்கள். பிள்ளை எந்த இடத்தில் தடுமாறுகிறதோ, அந்தப் பத்தியைத்தான் மறுநாள் திரும்பப் படிக்க வேண்டும்.