ரெண்டு பேருக்கு ஒரு கடல்

ஈரோட்டிலிருந்து ஸ்கூபாவுக்குக் கிளம்பும் தம்பதியிடம் நான் முதலில் கேட்பது: ரெண்டு பேருக்கும் நீச்சல் தெரியுமா? தெரியாதவரும் அறிமுக டைவ் போகலாமுங்க, பயிற்றுநர் கூடவே இருப்பார். சான்றிதழ் படிப்புக்குத்தான் நீச்சல் சோதனை: 200 மீட்டர்.

முருடேஸ்வர் பக்கத்து நேத்ராணிக்கு ரயிலிலேயே போகலாம், ஆனா ஜூன்–செப்டம்பர் மழையில் ஆகாது. லட்சத்தீவுக்கு அனுமதிச்சீட்டு வேணும். என் ஓட்டு அந்தமானின் ஹேவ்லாக்குக்கு (2018 முதல் ஸ்வராஜ் தீவு), ஜனவரி–ஏப்ரலில். கத்துக்குட்டிக்கும் பழகினவருக்கும் அங்கே இடமிருக்கு.

ஒண்ணு மட்டும். பல டைவ் போட்டால், விமானம் ஏற 18 மணி நேரமாவது பொறுக்கணும். உடம்பில் கரைந்த நைட்ரஜன், காற்றழுத்தம் குறையும்போது குமிழாகும். மூட்டுவலியில் தொடங்கி பக்கவாதம் வரை போகும். கடைசி நாளை செல்லுலார் சிறைக்கு ஒதுக்கிடுங்க.