ஒக்கலையில் இருக்கும் செல்வம்

கல்முனைக் கரையில் மூத்தம்மாமார் பேரப்பிள்ளையை ஒக்கலையில் இருத்தித் திரிவது நல்ல வழக்கம். கால்கள் அகன்றிருக்கத் தொடையெலும்பின் தலை இடுப்புக் குழிக்குள் செவ்வையாகப் பொருந்தும். கால்களை நீட்டித் துணியால் இறுகச் சுற்றுவதோ கேடு.

பிறப்பிலேயே இம்மூட்டு நழுவும் சிசுக்கள் உண்டு. பெண் குழந்தைகளிலும், பிட்டம் முன்னிட்டுப் பிறந்தவற்றிலும் மிகுதி. நோவில்லாமையால் வீட்டார் அறியார். தேர்ந்த கை மட்டும், 1937இல் இத்தாலிய வைத்தியர் ஒர்த்தோலானி விவரித்தவாறு, தொடையை மெல்ல விரித்து உணரும்.

வீடு தேடிவரும் மருத்துவமாது ஐயுற்றால், "நாற்பது கழியட்டும்" என்று தாமதியாதீர்கள். குழந்தை வைத்தியர் சோதிப்பார்; ஸ்கான் உறுதிசெய்யும்; எலும்பு வைத்தியர் பவ்லிக் வாரைப் பூட்டுவார். ஆறு மாதத்துக்குள் பெரும்பாலும் அதுவே போதும். நடைபழகிய பின்னரோ சத்திரசிகிச்சை நேரலாம்.

அழுகைக்கு இரங்கி உம்மாவே வாரை அவிழ்ப்பதுதான் அச்சம்! குளிப்பாட்டுவது எவ்வாறென்று பூட்டியவரிடமே கேளுங்கள்.