மண்ணடுக்கைப் படிக்கக் கற்றவர்கள்

19-ஆம் நூற்றாண்டில் அகழாய்வு என்பது பெரும்பாலும் சிலையையும் நகையையும் தேடும் வேட்டையாகவே இருந்தது. உடைந்த பானை ஓடுகளை அள்ளி எறிந்துவிடுவார்கள். அந்த ஓடுகளின் வடிவ மாற்றத்தை வைத்தே காலவரிசை அமைக்கலாம் என்று எகிப்தில் காட்டினார் ஃபிளிண்டர்ஸ் பெட்ரி. முறையான பள்ளிப் படிப்பே இல்லாத அவர்தான், 1892-இல், எழுத்தாளர் அமெலியா எட்வர்ட்ஸ் விட்டுச்சென்ற பணத்தில் லண்டனில் உருவான எகிப்தியல் இருக்கையின் முதல் பேராசிரியர்.

அடுத்த தலைமுறையில் தொல்லியலாளர் மார்டிமர் வீலரும் அவர் மனைவி டெஸாவும் பாடுபட்டு நிறுவிய லண்டன் தொல்லியல் கழகம் 1937-இல் திறக்கப்பட்டது. முந்தைய ஆண்டே டெஸா காலமாகிவிட்டார். அவர் பங்கு இன்னும் உரக்கப் பேசப்பட வேண்டும்.

1944-இல் இந்தியத் தொல்லியல் துறைத் தலைவரான வீலர், தட்சசீலத்தில் மாணவர்களுக்குக் களப்பயிற்சி அளித்தார். மறு ஆண்டு புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில் அகழாய்வு. சதுரக் குழிகள், நடுவே வெட்டாமல் விட்ட மண் சுவர்கள். அச்சுவரில் ஒவ்வோர் அடுக்கும் நிறம் மாறித் தெரியும். எந்த ஓடு எந்த அடுக்கில் கிடைத்தது என்பது பதிவாகும். காலம் தெரிந்த இத்தாலியச் சிவப்புப் பாண்டங்கள் அங்கே கிடைத்ததால், கூடவே கிடந்த உள்ளூர்ப் பானைகளுக்கும் வயது தெரிந்தது.

கீழடி அகழாய்வுக் களத்துக்குப் போகிறவர்கள் பொருள்களோடு நின்றுவிடாமல், குழியின் பக்கச் சுவரையும் ஒரு நிமிடம் பாருங்கள்.