உயிர் காக்கும் நாடா

நம் நாட்டின் பெருநகரங்களில் இன்று நாற்பது மாடி, ஐம்பது மாடி என்று கட்டடங்கள் எழுந்தவண்ணம் இருக்கின்றன. தெருவில் நின்று அண்ணாந்து பார்க்கும் நாம், அவற்றின் உயரத்தை வியக்கிறோம், அழகைப் புகழ்கிறோம். ஆனால் அவற்றின் விளிம்பில் நின்று கம்பி கட்டுபவனும் பலகை அடிப்பவனும் எதைப் பற்றிக்கொண்டு நிற்கின்றனர் என்பதை எண்ணிப் பார்ப்பவர் சிலரே. பல நாடுகளில், கட்டுமானத் தொழிலில் நேரும் இறப்புகளுக்கு முதற் காரணமாக இருப்பது உயரத்திலிருந்து விழுதலே ஆகும். யானைக்கும் அடி சறுக்கும் என்பர். ஈரப் பலகைமேல் நாள் முழுதும் நடக்கும் மனிதனுக்குச் சறுக்காதா?

இதற்குப் பரிகாரமாக எல்லோரும் அறிந்த பொருள் ஒன்று உண்டு. அது தோளையும் தொடையையும் சுற்றி அணியும் பாதுகாப்புக் கச்சை. வேலையிடத்தில் இதனை வெறுமனே ‘பெல்ட்’ என்பார்கள். கச்சையின் முதுகில் ஒரு வளையம். வளையத்தில் ஓர் இணைப்புக் கயிறு. கயிற்றின் நுனியில் ஒரு கொக்கி. இவ்வளவையும் பலர் அறிவர். அந்தக் கொக்கியை மாட்டுவதற்கு ஓர் இடம் வேண்டும் என்பதை மட்டும் பெரும்பாலோர் மறந்துவிடுகின்றனர். மாட்டின் கழுத்துக் கயிறு எத்துணை உறுதியாயினும், முளை ஆடினால் மாடு நிற்குமா? முளையே இல்லையென்றால் கயிறுதான் எதற்கு? அந்த முளையின் வேலையைச் செய்யும் சிறு பொருளைப் பற்றியே இக்கட்டுரையில் கூற விரும்புகிறேன். ஆங்கில நூல்கள் அதனைத் ‘தற்காலிக நங்கூரப் பட்டை’ என்னும் பொருள்பட அழைக்கின்றன. நாம் சுருக்கமாக நங்கூர நாடா என்போம்.

எங்கள் விடுதிக்கு அண்மையில் எழும் ஒரு கட்டடத்தைச் சில மாதங்களாக நான் கவனித்து வருகிறேன். கம்பி கட்டுவோர் அனைவரும் கச்சை அணிந்திருக்கின்றனர். ஆனால் பெரும்பாலோருடைய கொக்கி அவர்கள் இடுப்பிலேயே மாட்டப்பட்டுத் தொங்குகிறது. மதிய உணவு வேளையில் கீழே வந்த ஒருவரிடம் காரணம் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, “எங்கே மாட்டுவது, பாபு? மேலே வானந்தான் இருக்கிறது!” என்று இந்தியில் பதில் சொன்னார். அவர் சொன்னதில் பிழையில்லை. கட்டி முடிந்த கட்டடத்தில் நிலையான வளையங்களைப் பதிக்கலாம். நாளுக்கு நாள் வளரும் கட்டடத்திலோ, இன்று விளிம்பாக இருப்பது அடுத்த வாரம் நடுக்கூடம் ஆகிவிடுகிறது. ஆகவே பிடிமானமும் வேலையோடு இடம் பெயர வேண்டியதாகிறது. தற்காலிக நங்கூரம் பிறந்த காரணம் இதுவே.

வீழ்ச்சியின் கணக்கு

நங்கூரம் எவ்வளவு தாங்கவேண்டும் என்பதை அறிய, நாம் பள்ளியில் படித்த சிறு கணக்கே போதும். இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் முக்கால் விநாடிக்கும் குறைந்த நேரத்தில் மணிக்கு ஏறத்தாழ 22 கிலோமீட்டர் வேகத்தை அடைகிறது. 80 கிலோ எடையுள்ள ஒருவர் இவ்வாறு விழுந்து, நீளாத கயிறு ஒன்றினால் 10 சென்டிமீட்டர் தொலைவுக்குள் சட்டென்று நிறுத்தப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். விழுந்த தொலைவை நின்ற தொலைவால் வகுத்து, ஒன்று கூட்டினால், எடையைப்போல் எத்தனை மடங்கு விசை உண்டாகிறது என்பது தெரியும். இங்கே அது 21 மடங்கு. அதாவது 1,680 கிலோ எடைக்குச் சமமான இழுப்பு. கயிறு அறாவிட்டாலும் உடல் அதனைத் தாங்காது.

அதே மனிதர் 10 சென்டிமீட்டருக்குப் பதிலாக ஒரு மீட்டர் தொலைவில் மெல்ல நிறுத்தப்பட்டால் விசை மூன்று மடங்குதான். அதாவது 240 கிலோ. இந்த வேறுபாட்டை உண்டாக்குவதற்காகவே இணைப்புக் கயிற்றில் விசை தணிப்பான் என்னும் உறுப்பைச் சேர்க்கின்றனர். அது மடித்துத் தைத்த ஒரு நாடா. விழும்போது தையல் படிப்படியாகப் பிரிந்து, வீழ்ச்சியின் ஆற்றலைத் தான் வாங்கிக்கொள்கிறது.

அமெரிக்க நாட்டு விதிகள், உடலின்மீது விழும் விசை 8 கிலோ நியூட்டனுக்கு மேற்படக்கூடாது என்கின்றன. இது ஏறத்தாழ 816 கிலோ எடைக்குச் சமம். ஆனால் நங்கூரமோ ஒவ்வோர் ஆளுக்கும் 22.2 கிலோ நியூட்டன், அதாவது சுமார் 2,270 கிலோ தாங்க வேண்டும். இல்லையேல் தகுதி பெற்ற ஒருவர் கணக்கிட்டு, எதிர்பார்க்கும் விசையைப்போல் இருமடங்கேனும் தாங்குமாறு அமைக்க வேண்டும் என்று அவை விதிக்கின்றன. ஐரோப்பியத் தரநிர்ணயமான ஈ.என். 795, தற்காலிக நங்கூரங்களைத் தனி வகையாகப் பிரிக்கிறது. உலோகமாயின் 12 கிலோ நியூட்டன் சுமையை மூன்று நிமிடம் தாங்க வேண்டும். நெய்த நாடாவாயின் அதனை 18 ஆக உயர்த்துகிறது. நாடா வெயிலாலும் உராய்வாலும் நாளடைவில் நலியக்கூடியது அன்றோ? அதற்காகவே இந்த மிகைக்காப்பு.

இருவகை நாடாக்கள்

முதல் வகை, சுற்றிக் கட்டும் நாடா. பாலியெஸ்டர் அல்லது நைலான் இழையால் அடர்த்தியாக நெய்யப்பட்டது. அதன் ஒரு முனையில் பெரிய வளையமும் மறுமுனையில் சிறிய வளையமும் இருக்கும். உத்திரத்தையோ தூணையோ ஒரு சுற்றுச் சுற்றிச் சிறிய வளையத்தைப் பெரிய வளையத்தினுள் நுழைத்து இழுத்தால், நாடா இறுகிக்கொள்ளும். கொக்கியைச் சிறிய வளையத்தில் மாட்ட வேண்டும். வேலை முடிந்ததும் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த இடத்திற்குப் போகலாம். இரும்புச் சட்டக் கட்டடங்களுக்கு இது மிகப் பொருத்தமானது.

இரண்டாம் வகை, காங்கிரீட்டில் பதிக்கும் நாடா. தூணுக்கோ பீமுக்கோ காங்கிரீட் போடுவதற்கு முன்பே, உள்ளிருக்கும் கம்பிக்கூட்டில் நாடாவின் ஒரு கண்ணியைக் கோத்துவிடுவார்கள். மறுமுனையிலுள்ள வளையம் பலகையடைப்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். காங்கிரீட் இறுகித் தயாரிப்பாளர் குறித்த வலிமையை அடைந்த பின், அந்த வளையம் கொக்கி மாட்டும் இடமாகிறது. கைப்பிடிச் சுவர் எழுந்து விளிம்பில் ஆபத்து நீங்கியதும், வெளியே நிற்கும் பகுதியை மட்டம் பார்த்து அறுத்துவிட்டுப் பூச்சு பூசிவிடலாம். தூணின் மேற்பகுதியில் பதித்தால், அந்தத் தளத்தின் ஓரத்தில் வேலை செய்வோருக்குத் தலைக்கு மேலேயே பிடிமானம் கிடைத்துவிடும்.

கட்டும் முறையும் இடமும்

நாடா எவ்வளவு நல்லதாயினும், கட்டும் இடம் தவறானால் பயனில்லை. சாரக் குழாய், தண்ணீர்க் குழாய், மின்கம்பிக் குழாய், தற்காலிகக் கைப்பிடி, சென்டரிங் முட்டு ஆகிய எதுவும் நங்கூரம் ஆகாது. மேலே திறந்து நிற்கும் தனிக் கம்பியில் சுற்றினால், நாடா மேலே உருவிக்கொண்டு போகலாம். அல்லது கீழே வழுக்கி விழும் தொலைவைக் கூட்டலாம்.

அடுத்தது கோணம். நாடாவின் இரு முனைகளையும் சேர்த்து ஒரே கொக்கியில் மாட்டும்போது, இரு கால்களும் சுமையைப் பங்கிட்டுக் கொள்கின்றன. கால்கள் ஒன்றையொன்று ஒட்டி நின்றால் ஒவ்வொன்றின்மீதும் பாதிச் சுமைதான். இடையே 90 பாகைக் கோணம் இருந்தால் ஒவ்வொன்றும் நூற்றுக்கு 71 பங்கு தாங்க வேண்டும். 120 பாகை ஆகிவிட்டால் ஒவ்வொரு காலும் முழுச் சுமையையும் தாங்க வேண்டியதாகிறது! பருத்த உத்திரத்தில் குட்டை நாடாவை இழுத்துக் கட்டினால் நேர்வது இதுதான். ஆகவே நீளமான நாடாவைத் தேர்ந்தெடுத்தல் நன்று.

மூன்றாவது, உயரம். 1.8 மீட்டர் கயிறு உள்ள ஒருவர், முதுகு வளையத்தின் மட்டத்தில் கொக்கியை மாட்டினால், 1.8 மீட்டர் விழுந்த பின்னரே கயிறு இறுகும். தலைக்கு மேல், வளையத்திலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் மாட்டினால் 0.8 மீட்டர்தான் விழுவார். காலடியில் மாட்டினாலோ 3.3 மீட்டர் விழ நேரும். அமெரிக்க விதி அனுமதிக்கும் 1.8 மீட்டரை இது வெகுவாகத் தாண்டிவிடுகிறது.

இதோடு கணக்கு முடியவில்லை. மட்டமாக மாட்டியவர் 1.8 மீட்டர் விழுகிறார். தணிப்பான் ஒரு மீட்டர் விரிகிறது. கச்சையும் உடலும் 0.3 மீட்டர் நீளுகின்றன. காலுக்குக் கீழே ஒரு மீட்டராவது மிச்சம் இருக்க வேண்டும். கூட்டினால் 4.1 மீட்டர். நம் கட்டடங்களின் மாடி உயரமோ சுமார் 3 மீட்டர். அப்படியாயின், தளத்திலுள்ள ஒரு திறப்பின் வழியே விழுபவர், கயிறு தம்மை நிறுத்துவதற்கு முன்பே கீழ்த்தளத்தில் மோதிவிடுவார்! கச்சையும் இருந்தது, கயிறும் இருந்தது, நங்கூரமும் இருந்தது. உயிர்தான் இல்லை என்றாகிவிடும். இங்கே கயிற்றைக் குறுக்கி, ஆபத்தான விளிம்பை அவர் எட்டவே முடியாதபடி செய்வதே அறிவுடைமை.

நங்கூரம் பக்கவாட்டில் தள்ளி இருப்பதும் தீது. விழுபவர் கடிகாரத்தின் ஊசல் போல வீசப்பட்டுத் தூணிலோ சாரத்திலோ மோதுவார். தொங்குபவரை விரைந்து இறக்குவதற்கும் முன்னரே ஏற்பாடு வேண்டும். அசைவின்றி நெடுநேரம் கச்சையில் தொங்கினால் கால்களில் இரத்தம் தேங்கி உயிருக்கே ஆபத்து விளையலாம்.

நாடாவின் பகைவர்கள்

நாடாவுக்குப் பகைவர் பலர். இரும்பு உத்திரத்தின் கூரிய விளிம்பு முதற் பகைவன். அதனால்தான் நாடாவின்மேல் தடித்த உறை ஒன்றைச் செருகியிருக்கின்றனர். பற்றவைப்புப் பொறி இரண்டாவது. பாலியெஸ்டர் சுமார் 260 பாகை செல்சியசில் உருகிவிடும். வெயில் மூன்றாவது, அதிலுள்ள புறஊதாக் கதிர் இழையை மெல்ல மெல்ல நைக்கிறது. நான்காவது, நாம் எதிர்பாராத பகை: ஈரச் சிமெண்டு. அது கடுமையான காரத்தன்மை உடையது. காரம் பாலியெஸ்டரைத் தாக்கும். அமிலம் நைலானைத் தாக்கும். எனவே கழற்றி மீண்டும் பயன்படுத்தும் நாடாவில் காங்கிரீட் பால் படிந்து காய விடலாகாது. ஒவ்வொரு நாளும் கட்டுமுன் தையலையும் விளிம்பையும் வளையத்தையும் கையால் தடவிப் பார்க்க வேண்டும். ஒருமுறை ஒருவரின் வீழ்ச்சியைத் தாங்கிய நாடாவை, வெளிப்பார்வைக்குப் புதிது போலத் தோன்றினாலும், உடனே விலக்கிவிட வேண்டும்.

ஒரு பாலம் புகட்டிய பாடம்

அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோ நகரில் கோல்டன் கேட் பாலம் 1933 முதல் 1937 வரை கட்டப்பெற்றது. தலைமைப் பொறியாளர் ஜோசப் ஸ்டிராஸ் பாலத்தின் அடியில் பெரிய வலை ஒன்றை விரிக்கச் செய்தார். அவ்வலையில் விழுந்து உயிர் தப்பியவர் 19 பேர். ஆயினும் 1937-ஆம் ஆண்டு பிப்ரவரி 17-ஆம் நாள், தொழிலாளர் நின்ற பல டன் எடையுள்ள ஒரு தொங்குதளம் பெயர்ந்து அவ்வலையின்மேல் விழுந்தது. வலை கிழிந்தது, பத்துப் பேர் மாண்டனர். மனிதரைத் தாங்க விரித்த வலை தளத்தைத் தாங்கவில்லை. எந்தக் காப்பும் அது எதற்காகக் கணக்கிடப்பெற்றதோ அதை மட்டுமே காக்கும் என்பது இதனால் விளங்கும். ஒருவருக்கென்று அமைத்த நங்கூரத்தில் மூவர் கொக்கி மாட்டுவதும் இத்தகையதே.

நம் கடமை

முதலில் விளிம்பில் கைப்பிடி, அடுத்து வலை, இவ்விரண்டும் இயலாதபோது கச்சை என்பதே முறையான வரிசை. இந்தியத் தர அமைவனத்தின் ஐ.எஸ். 3521 கச்சைகளுக்கு இலக்கணம் வகுக்கிறது. கட்டுமானத் தொழிலாளர் நலனுக்காக 1996-ஆம் ஆண்டில் தனிச் சட்டமும், 2020-ஆம் ஆண்டில் தொழிற் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் இயற்றப்பெற்றன. சட்டம் கச்சையை வாங்கச் செய்யலாம். கொக்கிக்கு இடம் எது என்பதையோ வரைபடம் போடுபவர்தாம் தீர்மானிக்க வேண்டும்.

பலகையடைப்பு ஏறிய பின் மேஸ்திரியைக் கூப்பிட்டு, “எங்காவது மாட்டிக்கொள்ளச் சொல்லுங்கள்” என்பது பொறியியல் ஆகாது. எந்தத் தூணில், எந்த உயரத்தில், எத்தனை பேருக்கு நாடா வேண்டும் என்பது காங்கிரீட் ஊற்றுமுன் தெரிந்திருக்க வேண்டும். ஊற்றிய பின் அதைச் சேர்க்க முடியாது. கம்பியின் விட்டத்தையும் இடைவெளியையும் குறிக்கும் அதே தாளில் நங்கூரத்தின் இடத்தையும் குறிப்பதற்கு ஒரு கோடும் ஓர் எண்ணும் போதும். இச்சங்கத்தில் என்னோடு பொறியியல் பயிலும் நண்பர்கள் பலர் இன்னும் சில ஆண்டுகளில் அத்தகைய தாள்களில் கையொப்பம் இடப்போகிறவர்கள். நங்கூரத்தின் இடம் குறிக்கப்படாத தாளில் கையொப்பம் இடுவதில்லை என்று அவர்கள் இப்போதே உறுதி கொள்வார்களாக.