முள் ஏறினா முதல்ல மூடியைப் பாருங்க

உங்க வீட்டுல பழைய மாருதி 800 இருக்கா? 2014-லயே தயாரிப்பு நின்னுடுச்சு, ஆனா கனகம்மாசத்திரம் வழியா திருப்பதி போற ரோட்டுல இன்னும் ஓடுது. வெயில்ல டெம்பரேச்சர் முள் ஏறினா ஓரங்கட்டி ஆஃப் பண்ணுங்க. என்ஜினைப் பிரிக்கிறதுக்கு முன்னாடி ரேடியேட்டர் மூடியைப் பாருங்க.

குக்கர் வெயிட் செய்யற வேலையைத்தான் அந்த மூடியும் செய்யுது. தண்ணி 100 டிகிரியில கொதிக்கும். மேல 1 பார் அழுத்தம் கூடினா சுமார் 120 டிகிரி வரை கொதிக்காது. மூடியோட ரப்பர் வெடிச்சிருந்தா அழுத்தம் நிக்காது, கூலன்ட் கொதிச்சு வெளிய வந்துடும். பழைய மூடியில இருக்கிற அழுத்த அளவையே பார்த்து வாங்கி நீங்களே மாத்தலாம். என்ஜின் முழுசா ஆறின பிறகுதான்! சூட்டோட திறந்தா கொதிநீர் முகத்துல அடிக்கும்.

"தெர்மோஸ்டாட்டைக் கழட்டிடு, சூடே ஏறாது"ன்னு ஒரு வைத்தியம் சொல்வாங்க. எனக்கு உடன்பாடு இல்ல. என்ஜின் சரியான சூட்டுக்கு வர நேரமாகும், பெட்ரோல் வீணாகும். பழுதுன்னா புதுசு போடுங்க.

அப்புறமும் முள் இறங்கலையா? டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்க. ஆயில் பால் காபி நிறத்துல இருந்தா பெரும்பாலும் ஹெட் கேஸ்கெட் போயிருக்கும். அலுமினிய ஹெட் வளைஞ்சிருக்கான்னு பட்டறையிலதான் பார்க்கணும். அங்க கொண்டுபோகவும் ஸ்டார்ட் பண்ணாதீங்க, கட்டி இழுத்துட்டுப் போங்க.