கண் கூசிய பிறகு அந்தச் சில விநாடிகள்

புதுடெல்லியின் கோல் மார்க்கெட், 1921-இல் எழுந்த பன்னிரண்டு பக்கக் கட்டடம். அதைச் சுற்றி ஒரு ரவுண்டானா. இரவில் அதற்குள் நுழையக் காத்திருக்கும் ஸ்கூட்டர்காரர் வலப்பக்கம் பார்த்தாக வேண்டும். வட்டமடித்து வரும் வண்டிகளின் ஹெட்லைட் அவர் முகத்தில் அடிக்கும்.

‘டிம்’மில் வந்தாலும் முழு நிம்மதியில்லை. இடப்புறம் ஓட்டும் நாடுகளில், எதிரே வருபவருக்காக வலப்பக்க ஒளியைத் தாழ்த்தி, சாலையோரம் தெரிவதற்காக இடப்பக்க ஒளியைச் சற்றே உயர்த்தி வைப்பார்கள். ரவுண்டானா வாயிலில் நிற்பவர் இருப்பது அந்த இடப்பக்கத்தில்தான்.

வெளிச்சம் கண்ணுக்குள் போனதும் ஒரு பகுதி சிதறி, பார்வைமீது வெண்திரை விரிக்கிறது. விளக்கு விலகியதும் இது மறைந்துவிடும். மற்ற விளைவுகள் அப்படியில்லை. சட்டென்று சுருங்கிய கண்பாவை மெதுவாகத்தான் விரியும். விழித்திரையின் நரம்புச் செல்களும் பழைய கூர்மைக்குத் திரும்பச் சில விநாடிகள் வேண்டும்.

இன்னும் கடுமையான வெளிச்சமென்றால், பார்வை நிறமிகளே வெளுத்துப்போகின்றன. மங்கலான ஒளியில் பார்க்க உதவும் குச்சிச் செல்களில் உள்ள நிறமியான ரொடாப்சின், வைட்டமின் ஏ-யிலிருந்து உருவாகும் ரெட்டினாலைக் கொண்டது. ஒளி பட்டதும் ரெட்டினாலின் வடிவம் மாறுகிறது. விழித்திரைக்குப் பின்னுள்ள நிறமிப் படலம் அதைப் பழைய வடிவுக்கு மாற்றித் திருப்பி அனுப்ப வேண்டும். இந்தச் சுழற்சியை விளக்கிய ஜார்ஜ் வால்டு 1967-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். நிறமி பெருமளவு வெளுத்தால், பகல் பார்வைக்கான கூம்புச் செல்கள் சுமார் பத்து நிமிடத்தில் தேறிவிடும். குச்சிச் செல்களுக்கு அரை மணிக்கு மேல் ஆகலாம். ரொடாப்சினுக்கு வைட்டமின் ஏ தேவை என்பதால்தான், அது குறைந்தால் மாலைக்கண் வருகிறது.

ஹெட்லைட் நிறமியை அந்த அளவுக்கு வெளுக்கச் செய்வதில்லை. பெரும்பாலும் சில விநாடிகளில் கண் தெளிந்துவிடும். ஆனால் 40 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி விநாடிக்கு 11 மீட்டர் ஓடும். ஐந்து விநாடியில் 55 மீட்டர்! வயது ஏற ஏற, கண் தெளியும் நேரம் நீளும். கண்புரை இருந்தால் ஒளிச்சிதறலும் கூடும்.

தெளிவதற்கு வழக்கத்தைவிட அதிக நேரம் ஆனால் கண் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஒரு கண்ணை மூடி, மற்றதில் பத்து விநாடி ஒளி பாய்ச்சி, எழுத்துகளை மறுபடி படிக்க எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் சோதனை இருக்கிறது. சாதாரணமாக ஒரு நிமிடத்துக்குள் படித்துவிடலாம். மிகவும் நீண்டால், விழித்திரை மையத்தில் கோளாறா என்று பார்க்க வேண்டும்.

வண்டி ஓட்டும்போது எதிர் வெளிச்சத்தை முறைக்காமல் சாலையின் இட ஓரத்தைப் பாருங்கள், வேகத்தைக் குறையுங்கள். கீறலும் அழுக்குமான ஹெல்மெட் கண்ணாடி கூச்சத்தைக் கூட்டும். கறுப்புக் கண்ணாடி, இருக்கும் கொஞ்ச வெளிச்சத்தையும் தின்றுவிடும்.

இவையெல்லாம் கண் கூசியவர் செய்ய வேண்டியவை. வெளிச்சம் அடிப்பவருக்கும் சட்டம் இருக்கிறது. 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 106-ஆம் விதிப்படி, எட்டு மீட்டர் தள்ளி, ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணைக் கூசச் செய்யாதபடி முன்விளக்கு கீழ்நோக்கியே இருக்க வேண்டும். ஒரு காலத்தில் விளக்கின் நடுவே கறுப்புப் பொட்டு வைத்ததும் இதற்காகத்தான். கண் தேறும் வேகத்தைக் கூட்ட நம்மால் முடியாது. அடுத்த சர்வீஸுக்கு வண்டியை விடும்போது, ஹெட்லைட்டின் கோணத்தையும் சரிபார்க்கச் சொல்ல முடியும்.