முதல் ஷேவிங்: சில யோசனைகள்

நம் வகுப்பு குரூப் போட்டோவை உற்றுப் பாருங்கள். இரண்டாம் வரிசையில் ஒருவன் தாடையில் தினத்தாள் துண்டு ஒட்டிக்கொண்டு நிற்பான். அது அடியேன்தான். போட்டோவுக்காக அன்று காலை அப்பாவின் ரேசரைத் திருட்டுத்தனமாக எடுத்து, குழாய்த் தண்ணீரை முகத்தில் தெளித்து, குளியல் சோப்பைத் தடவி இழுத்தேன். மூன்று இடத்தில் ரத்தம். சாயங்காலம் அப்பா பார்த்துவிட்டு, "டேய், அது என்ன அரிவாளா, அந்த அழுத்து அழுத்தியிருக்க?" என்றார். பிறகு அவரே கற்றுக்கொடுத்தார். அதைத்தான் எழுதுகிறேன். (மாணவிகள் அடுத்த தாளுக்குப் போகலாம். தம்பி இருந்தால் படித்துச் சொல்லவும்.)

முதலில் ஒரு விஷயம். 'ஷேவ் பண்ணா மீசை அடர்த்தியா வளரும்' என்று எட்டாம் வகுப்புத் தம்பிகள் சிலர் இப்போதே பிளேடு பிடிக்கிறார்கள். அது பொய்யப்பா! மில்ட்ரட் டிராட்டர் என்ற அமெரிக்க உடற்கூறு அறிஞர் 1928-லேயே இதைச் சோதித்து, ஷேவிங்கால் முடியின் தடிமனோ வளரும் வேகமோ மாறுவதில்லை என்று காட்டிவிட்டார். வெட்டிய முடியின் நுனி மழுங்கலாக இருப்பதால் கைக்குச் சொரசொரப்பாகப் படுகிறது, அவ்வளவுதான்.

நான் சொல்லும் ரேசர் கைப்பிடி, அடித்தட்டு, மேல்மூடி என்று மூன்று பாகம் உள்ள பழைய மாடல். நடுவில் இருபக்கமும் கூரான பிளேடு. அமெரிக்காவில் ஜில்லெட் கம்பெனி 1903-ல் இதை விற்கத் தொடங்கியபோது முதல் வருஷம் மொத்தம் விற்றது 51 ரேசர், 168 பிளேடு!

குளித்துவிட்டு வந்து ஷேவ் செய்வதே உத்தமம். இல்லாவிட்டால் வெதுவெதுப்பான தண்ணீரால் இரண்டு மூன்று நிமிஷம் முகத்தை நனைக்கவும். முடி தண்ணீரைக் குடித்து மெத்தென்று ஆகிவிடும். பிறகு ஷேவிங் கிரீமைப் பிரஷ்ஷால் நன்றாக நுரைக்க வேண்டும். குளியல் சோப்பு நுரை சீக்கிரம் காய்ந்துவிடும். என் கதை அப்படித்தான் ஆனது.

இனி முக்கியமான கட்டம். ரேசரின் மேல்மூடி மட்டும் கன்னத்தில் படும்படி வையுங்கள். அப்போது கைப்பிடி முகத்துக்கு நேர் எதிரே நீட்டிக்கொண்டிருக்கும். அதை மெதுவாகக் கீழே இறக்கினால் ஒரு இடத்தில் பிளேடு தோலைத் தொடும். அங்கேயே நிறுத்துங்கள். பிளேடுக்கும் தோலுக்கும் நடுவே ஏறக்குறைய 30 டிகிரி இருக்கும். (கணக்கு சார் மகிழ்வார்.) இடது கையால் தோலை லேசாக இழுத்துப் பிடித்து, இரண்டு விரற்கடை நீளத்துக்குச் சின்னச் சின்னதாக இழுக்கவும். அழுத்தவே கூடாது. ரேசரின் சொந்த எடையே போதும். பேனாவைப் பிடிப்பது போலப் பிடித்தால் கை தானாகவே அழுத்தாது. முடி வெட்டுப்படவில்லை என்றால் மறுபடி நுரை போட்டு இன்னொரு தடவை இழுங்கள்.

முடி எந்தப் பக்கம் சாய்ந்து வளர்கிறதோ அந்தப் பக்கமே இழுக்க வேண்டும். கன்னத்தில் பெரும்பாலும் கீழ்நோக்கி. கழுத்தில் ஆளுக்கு ஆள் மாறும். எனக்குக் காதுப் பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. முதல் நாளே விரலால் தடவிப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். எதிர்த்து இழுத்தால் வழவழப்பாக இருக்கும்தான், ஆனால் புதியவர்களுக்கு எரிச்சலும் சிவப்புப் பொரியும் வரும். சுருள் முடிக்காரர்களுக்கு வெட்டிய முடி தோலுக்குள்ளேயே திரும்பி வளரும். பரு இருக்கும் இடத்தைச் சுற்றிக்கொண்டு போய்விடவும்.

முடிந்ததும் குளிர்ந்த தண்ணீரில் கழுவி, படிகாரக் கல்லை நனைத்துத் தேய்க்கலாம். சின்னக் கீறலில் ரத்தம் நிற்கும். எங்கே ரொம்ப சுருக்கென்று எரிகிறதோ, அங்கே நீங்கள் அழுத்திவிட்டீர்கள் என்று அர்த்தம். படிகாரம் மார்க் போட்டுவிடும்! பெரிய வெட்டு என்றால் சுத்தமான துணியால் சில நிமிஷம் அழுத்திப் பிடிக்கவும். தினத்தாள் வேண்டாம்.

அன்றைக்கு அப்பா உண்மையில் கோபப்பட்டது வெட்டுக்காக அல்ல. "அப்பன் பிள்ளைன்னாலும் பிளேடு தனித்தனிடா" என்றார். எனக்கு அப்போது புரியவில்லை. விலங்கியல் பாட வேளையில்தான் தெரிந்தது. ஹெபடைடிஸ் பி வைரஸ் உடம்புக்கு வெளியே 7 நாளாவது உயிர்ப்போடு இருக்குமாம். கண்ணுக்குத் தெரியாத ரத்தத் துளி போதும், குழாயில் கழுவினால் போகாது. ஹாஸ்டலில் ஒரே ரேசர் நாலு ரூமுக்குப் போய்வருவதை நானே பார்த்திருக்கிறேன். கேட்கும் நண்பனிடம் 'இல்லை' என்று சொல்லச் சங்கடம்தான். ஒரு புது பிளேடைக் கொடுத்தாலும் கொடுங்கள், ரேசரைக் கொடுக்காதீர்கள். சலூனிலும் "அண்ணே, புது பிளேடு போடுங்க" என்று தைரியமாகக் கேளுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

பிளேடு முடியைப் பிடித்து இழுப்பது போலத் தோன்றினால் மாற்றிவிட வேண்டும். எனக்கு ஐந்தாறு ஷேவிங் வரும். பழைய பிளேடைக் குப்பையில் வீசினால் அள்ளுகிறவர் கை கிழியும். நான் ஒரு பவுடர் டப்பாவில் நீளமாகக் கோடு போல் வெட்டி உள்ளே போட்டு வருகிறேன். அது நிறைய இன்னும் பல வருஷம் ஆகும்.